உணவில்லாத கருப்பொருள்: தென்திருவிதாங்கூர்ப் புதினங்களில் பனையும் ரப்பரும்

முன்னுரை

அறிவியல் கண்டுபிடிப்புகள் அன்றாட வாழ்வை மாற்றுகின்றன என்பது அனைவரும் ஏற்கும் கருத்தாகும். ஆனால் அம்மாற்றம் எவ்வழியில் நிகழ்கின்றது, எதைத் தருகின்றது, எதை எடுத்துக்கொள்கின்றது என்னும் வினாக்களுக்குப் பொதுவான விடை பயன்படாது. ஒரு குறிப்பிட்ட நிலத்தை, அந்நிலத்து மக்களின் ஒரு நாளை, அவர்கள் கையாளும் ஒரு பொருளைக் கொண்டே விடை காண இயலும். அவ்வகை விடையைத் தேடுவோர்க்குப் புள்ளிவிவர ஏடுகளைவிடப் புதினங்கள் மிகுதியாகத் துணைபுரிகின்றன.

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைப்புறச் சிற்றூர்களும், அவற்றிற்குக் கிழக்கே தொடரும் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளும் நிலத்தால் ஒன்றானவை. இந்நிலத்தின் வாழ்வைத் தாங்கிய மரம் ஒரு காலத்தில் பனை. பின்னர் அவ்விடத்திற்கு ரப்பர் வந்தது. இம்மாற்றத்தின் இரு முனைகளையும் தமிழ்ப் புதினங்கள் இரண்டு பதிவு செய்துள்ளன. ஒன்று, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). மற்றொன்று, ஜெயமோகனின் ‘ரப்பர்’ (1990). இவ்விரு நூல்களையும் தொல்காப்பியர் கூறும் கருப்பொருள் என்னும் கருத்தாக்கத்தின் வழி ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நூல்களும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிவினை நிகழ்ந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு மேற்கே ஒரு மாநிலம், கிழக்கே ஒரு மாநிலம் என்னும் கோடு அன்று விழுந்தது. மண், மழை, மரம், பேச்சு ஆகியவை அக்கோட்டால் பிரிபடவில்லை. விளவங்கோட்டுத் தமிழில் மலையாளமும், பாறசாலை வட்டார மலையாளத்தில் தமிழும் கலந்து ஒலிப்பதை இன்றும் கேட்கலாம்.

ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஜெயமோகன் விளவங்கோட்டு வட்டாரத்தில் வளர்ந்தவர். இருவரும் இந்நிலத்தின் பேச்சுமொழியைப் புதினத்தின் மொழியாகத் துணிந்து கையாண்டனர். எனவே, எல்லைக்குக் கிழக்கே நிகழும் கதைகளாயினும், இந்நூல்கள் பழைய தென்திருவிதாங்கூர் முழுமைக்கும் உரிய ஆவணங்களாகக் கொள்ளத்தக்கவை.

இவற்றைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் தனித்தனி நெறிகளில் சென்றுள்ளன. ‘புத்தம் வீடு’ பெண்ணின் அகவுலகம், கிறித்தவக் குடும்பம், வட்டார வழக்கு என்னும் தலைப்புகளில் பேசப்பட்டது. ‘ரப்பர்’ சூழலியல் புதினமாகவும், ஒரு குடும்பத்தின் எழுச்சி வீழ்ச்சியைக் கூறும் புதினமாகவும் பேசப்பட்டது. ஒரே மக்கள் ஒரு தொழில்நுட்பத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறிய வரலாற்றின் முன்பகுதி, பின்பகுதி என இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது இரண்டிலும் புதிய பொருள் புலப்படுகின்றது.

பனை: உடலில் தங்கிய அறிவு

‘புத்தம் வீடு’ பனைவிளை என்னும் ஊரில் நிகழ்கின்றது. பனைகளுக்கு உரிமை பூண்ட பழங்குடும்பம் ஒன்றின் பெண் லிஸி. அக்குடும்பத்தின் பனைகளில் ஏறுபவன் மகன் தங்கராஜ். இருவரிடையே தோன்றும் காதலே கதை. இருவரும் ஒரே சாதியினர்; ஒரே சமயத்தினர். எனினும் மரத்திற்கு உரியவர் வீட்டிற்கும் மரத்தில் ஏறுபவர் வீட்டிற்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கின்றது. அப்பள்ளத்தை உண்டாக்கியது ஏறுதல் என்னும் தொழிலே.

இத்தொழிலை வெறும் உடலுழைப்பு எனக் கருதுவது பிழை. பாளையை நாள்தோறும் எவ்வளவு மெல்லியதாகச் சீவுவது, எப்பாளையை எப்போது பக்குவப்படுத்துவது, கலயத்தின் உட்புறம் எவ்வளவு சுண்ணாம்பு தடவுவது ஆகியவை நுண்ணிய அறிவைச் சார்ந்தவை. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளித்துக் கள்ளாகும். மிகுந்தால் கருப்பட்டி கெடும். நுண்ணுயிர்களின் செயலைத் தடுக்கும் இவ்வேதியியலுக்கு நூல் இல்லை. அது தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்குச் சென்றது. இறக்கிய அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் பதம் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. ஏறுபவரின் உடலும் அடுப்படியில் நிற்பவளின் கண்ணும் சேர்ந்ததே பனையின் தொழில்நுட்பமாகும்.

இவ்வறிவு மதிக்கப்படவில்லை என்பதே ‘புத்தம் வீடு’ உணர்த்தும் உண்மை. காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து ஏறுபவனுக்கு அவ்வூரில் மதிப்பில்லை. தவறி விழுந்தால் இறப்பு, அல்லது வாழ்நாள் முழுதும் முடம். லிஸி பள்ளி சென்று எழுத்தறிந்தவள். வயது வந்ததும் வீட்டிற்குள் நிறுத்தப்பட்டவள். எழுத்தறிவு ஒரு பக்கமும் உடலறிவு மறுபக்கமும் நிற்க, அவற்றிடையே ஒரு காதல் அரும்புவதைக் காட்டும் இப்புதினம் பனைக்காலத்தைப் பொற்காலமாகப் பாடவில்லை. ரப்பரை மறுப்பதற்காகப் பனையைப் போற்றும் இன்றைய போக்கிற்கு இந்நூல் வலுவான மறுப்பாகும்.

ரப்பர்: தொலைவிலிருந்து வந்த அறிவு

ரப்பர் மரத்தின் வருகை உலக அறிவியல் வரலாற்றோடு பிணைந்தது. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கையை அடைந்தன. 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கர உறையை உருவாக்கினார். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1902இல் கேரளத்தின் தட்டேக்காட்டில் வணிகமுறை ரப்பர்த் தோட்டம் தொடங்கியது. 1947இல் ரப்பர்ச் சட்டமும், 1955இல் கோட்டயத்தில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் வந்தன. அந்நிலையம் 1954ஆம் ஆண்டுக் கலப்பிலிருந்து தேர்ந்தெடுத்து 1980இல் வெளியிட்ட ‘ஆர்.ஆர்.ஐ.ஐ. 105’ என்னும் ஒட்டுரகம் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் சிற்றுடைமையாளர்களின் தோட்டங்களெங்கும் பரவியது.

‘ரப்பர்’ புதினத்தின் பொன்னுப் பெருவட்டர் காட்டைத் திருத்தி ரப்பர் நட்டுச் செல்வம் சேர்த்தவர். அவர், அவர் மகன், பேரர் என மூன்று தலைமுறையினரின் கதை வழியே, ரப்பர் தந்த பொருள்வளமும் அதனுள் வளர்ந்த வெறுமையும் புனையப்படுகின்றன. பழைய நிலவுடைமைக் குடும்பங்கள் சரிய, உழைத்து முன்னேறிய புதிய வகுப்பு எழுகின்றது. பின்னர் அதுவும் சரிகின்றது. அகிலன் நினைவுப் பரிசு பெற்ற இந்நூல், ஒரு பயிரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு அதனை ஒரு வாழ்க்கை நெறியின் குறியீடாக்குகின்றது.

இவ்விடத்தில் ஓர் ஒற்றுமையைச் சுட்ட வேண்டும். பனையிலும் ரப்பரிலும் அடிப்படைச் செயல் ஒன்றே: மரத்திற்கு ஊறு நேராமல் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து அதன் சாற்றைப் பெறுதல். ரப்பர்ப் பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவில், ஒட்டு மரங்களில் ஏறக்குறைய 30 பாகைக் கோணத்தில் வெட்டு அமைகின்றது. பால்குழாய்கள் மரத்தில் சற்றே வலஞ்சாய்ந்து செல்வதால் இச்சரிவு மிகுதியான குழாய்களை அறுக்கும். வளர்திசுவிற்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட வேண்டும். கத்தி அதனைத் தாண்டினால் மரம் காயமுற்றுப் புதுப்பட்டை கரடாகிவிடும். இந்த ஒரு மில்லிமீட்டரை உணர்வது கண்ணன்று, கையே. பாளை சீவிய தலைமுறையின் நிலத்தில் பட்டை சீவும் தலைமுறை எளிதில் தோன்றியதை இவ்வொற்றுமையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. பனையின் அறிவு முழுவதும் ஊருக்குள் இருந்தது. ரப்பரில் கையின் அறிவு மட்டுமே ஊருக்குள் இருக்கின்றது. எந்த ஒட்டை நடுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது, எவ்வளவு உரமிடுவது ஆகியவற்றை ஆராய்ச்சி நிலையம் கூறும். விலையை உலகச் சந்தை கூறும். நடுகின்ற கன்று வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகின்றன. அதன்பின் விலை என்னவாக இருக்கும் என்பதை நடுபவர் அறியார். 2011இல் கிலோ ரூ.240ஐத் தொட்ட ரப்பர் விலை, 2016இன் தொடக்கத்தில் ரூ.100க்குக் கீழே இறங்கியது. மரம் அதே மரம். வெட்டிய கையும் அதே கை. பெருவட்டர் குடும்பத்தின் வெறுமையை ஒழுக்கக்கேட்டின் விளைவாக மட்டும் படிப்பது போதாது. தன் வாழ்வைத் தாங்கும் அறிவும் விலையும் தன்னிடம் இல்லாத ஒரு வகுப்பின் வெறுமையாகவும் அதனைப் படிக்கலாம்.

கருப்பொருள் நோக்கில் ரப்பர்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைத் தொல்காப்பியர் கருப்பொருளாக வகுத்தார். இப்பட்டியலை வெறும் பொருள்களின் தொகுதியாகக் கொள்ளாமல் ஒன்றையொன்று தாங்கும் பின்னலாகக் கொள்வது திணைக் கோட்பாட்டின் இன்றைய விளக்கம். ஒரு நிலத்திற்குப் புதிய மரம் வரும்போது அது இப்பின்னலில் எவ்விழைகளோடு சேர்கின்றது, எவற்றோடு சேரவில்லை என்று கேட்கலாம்.

பனை ஏறத்தாழ எல்லா இழைகளோடும் சேர்ந்தது. அக்கானி, கருப்பட்டி, நுங்கு, கிழங்கு என உணவாயிற்று. ஓலை கூரையாகவும் பெட்டியாகவும் ஏடாகவும் ஆயிற்று. இந்நாட்டுக் கதைகளில் யட்சி குடியிருக்கும் மரமும் கரும்பனையே. அச்சமும் வழிபாடும் அதன் உச்சியில் தங்கின.

ரப்பர் தொழிலோடு மட்டும் இறுகச் சேர்ந்தது. விடியுமுன், மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் பால் நன்கு ஒழுகும். ஆதலால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளில் மரந்தோறும் நடப்பவரின் நாள், ஊரின் நாளுக்கு முன்பே தொடங்குகின்றது. சிரட்டையில் சேரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அதனை ஃபார்மிக் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தி, ‘ஷீட்’டாக்கி, புகையில் உலர்த்துகின்றனர். மழை பெய்தால் வெட்டில்லை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் இந்நிலத்தில், வெட்டுக்கு மேலே நெகிழித்தாள் பாவாடை கட்டி மழையைத் தடுக்கும் உத்தி பல குடும்பங்களின் மாத வருவாயைக் காத்தது. இத்தகைய சிறு உத்திகளே அறிவியல் அன்றாட வாழ்வினுள் நுழையும் உண்மையான வாயில்கள்.

ஆனால் இம்மரம் உணவு தரவில்லை. விலை வீழ்ந்த நாளில் கருப்பட்டியைக் கரைத்துக் குடிக்கலாம். ரப்பர் ஷீட்டை அவ்வாறு பயன்கொள்ள இயலாது. ரப்பர்க் குடும்பம் நாளும் விற்றே உண்ண வேண்டும். பனைக்குடும்பம் அடுப்பைப் பார்த்த இடத்தில் ரப்பர்க் குடும்பம் நாளிதழின் விலைப்பத்தியைப் பார்க்கின்றது. ரப்பரில் யட்சியும் இல்லை. அஞ்சவும் வணங்கவும் ஒன்றுமில்லாத மரம் அது. கணக்கிட மட்டுமே இடந்தருவது.

‘அயல்மரம் ஆதலின் ஒட்டவில்லை’ என்று இதற்குக் காரணம் கூறுவது பொருந்தாது. மரச்சீனியும் தென்னமெரிக்காவிலிருந்தே வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பர்மா அரிசி நின்றபின், திருவிதாங்கூரின் ஏழை வீடுகளைத் தாங்கியது அக்கிழங்கே. இன்று அதனை அயற்பயிர் என்பார் இலர். உணவு என்னும் இழையோடு சேர்ந்த எப்பயிரும் மண்ணின் பயிராகிவிடுகின்றது. ஆகவே ஒரு புதுமை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் எவற்றோடு பின்னிக்கொண்டது என்பதே திறனாய்வாளர் கேட்க வேண்டிய வினாவாகும்.

பனைக்கு எதிராக ரப்பரின் பக்கம் நின்று கூறவேண்டியதும் ஒன்றுண்டு. ரப்பர் மனிதனின் கால்களைத் தரையில் நிறுத்தியது. தங்கராஜின் காதலுக்குக் குறுக்கே நின்ற ஏறுதல் என்னும் இழிவும், ஒவ்வொரு நாளும் உடனிருந்த வீழ்ச்சியின் அச்சமும் பால்வெட்டில் இல்லை. பெண்களும் பால்வெட்டைக் கற்றுக் கூலி பெறலாயினர். ‘புத்தம் வீடு’ முன்வைத்த துயரத்தின் ஒரு பகுதிக்கு விடை தந்தது தொழில்நுட்பமே. இதனை மறைத்து ரப்பரைச் சீரழிவின் சின்னமாக மட்டும் காண்பது, உச்சியில் உயிரைத் தொங்கவிட்டவர்க்கு இழைக்கும் அநீதியாகும்.

தேனீயின் மறுமொழி

ரப்பர்த் தோட்டம் பிறவுயிர்க்கு இடந்தராத வறண்ட ஒழுங்கு என்னும் எண்ணம் சூழலியல் வாசிப்புகளில் அழுத்தம் பெறுகின்றது. பல்வகை மரங்கள் நின்ற காட்டோடு ஒப்பிடுகையில் அது பெரும்பாலும் மெய்யே. எனினும் ஒரு விலக்கைக் காணவேண்டும். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, மூவிலைகளும் கூடும் காம்பு முனையில் உள்ள சுரப்பிகளில் இனிய நீர் சுரக்கின்றது. பூவிலன்றித் தளிரில் சுரக்கும் தேன் அது.

இத்தேனைப் பயனாக்கியதும் ஓர் அறிவியல் புதுமையே. மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் முயற்சியால் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தின் ஊரகச் சீரமைப்பு நடுவம் உருவாயிற்று. அது பரப்பிய கைத்தொழில்களுள் சட்டமுடைய பெட்டிகளில் தேனீ வளர்த்தலும் ஒன்று. ரப்பர் பரவியபின் இப்பெட்டிகள் தோட்டங்களுக்குள் சென்றன. பருவந்தோறும் குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்போர் பெட்டிகளை வண்டியேற்றிக் கேரளத்துத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்கின்றனர். 1991-92இல் தாய்லாந்துப் பைப்புழு நச்சுயிரி நோய் பரவித் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவு அழிந்தபோது இத்தொழில் ஏறத்தாழ முறிந்தது; பின்னர் மெல்ல மீண்டது.

இச்செய்தி புதினத்தின் குறியீட்டைப் பொய்யாக்கவில்லை; அதன் எல்லையைக் காட்டுகின்றது. உணவு தராத மரத்திலிருந்தும் இந்நிலத்து மக்கள் ஓர் உணவைப் பெற்றனர். இரண்டு புதுமைகளை, அவற்றை வகுத்தோர் எண்ணியிராத வகையில், அவர்கள் ஒன்றோடொன்று இணைத்தனர். அறிவியல் மக்களை மாற்றுகின்றது என்னும் கூற்றின் மறுபாதி இதுவே: மக்களும் வந்த அறிவியலைத் தம் நிலத்திற்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றனர். அறுந்த கருப்பொருள் இழையொன்றை அவர்களே மீண்டும் முடிந்தனர்.

சொற்கள் காட்டும் எல்லை

எல்லைப்புறச் சிற்றூர்களின் ரப்பர்ச் சொற்களை நோக்கினால் ஒரு பாகுபாடு தெளிவாகின்றது. பால், வெட்டு, சிரட்டை, ஒட்டுப்பால் ஆகியவை தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான சொற்கள். ஷீட், கிரேடு, ஆசிட், சப்சிடி ஆகியவை ஆங்கிலச் சொற்கள். கை செய்யும் வேலைக்கு மண்ணின் சொல். வெளியே முடிவாகும் ஒன்றிற்கு அயற்சொல். அறிவு எங்கே இருக்கின்றது என்பதைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

அரசியல் எல்லையும் தன் பங்கைச் செய்கின்றது. 2015இல் கேரள அரசு சிற்றுடைமை ரப்பர் உழவர்க்குக் கிலோ ரூ.150 கிடைக்குமாறு ஊக்கத்தொகைத் திட்டம் தொடங்கியது. பாறசாலையின் உழவர் அதற்கு உரியர். சில கல் தொலைவில், அதே ஒட்டை வளர்க்கும் விளவங்கோட்டு உழவர் உரியரல்லர். பனையிலும் இதுவே நிலை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டுள்ளது. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன. ஒரே மரத்தின் ஒரே சாறு கோட்டிற்கு ஒருபுறம் தொழில், மறுபுறம் குற்றம்.

கேரளப் பகுதியில் வாழும் தமிழர்க்கு இதில் மற்றுமொரு நிலை உண்டு. ரப்பர் பற்றிய அறிவியல் செய்திகள் அவர்களை அடைவது மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமே. பனையின் அறிவைத் தமிழில் பேசிய வீடு ரப்பரின் அறிவைப் பிறமொழியில் பெறுகின்றது. ஒரு மொழியில் பெறப்படாத அறிவை அம்மொழியில் கேள்விக்கு உட்படுத்துவதும் அரிதாகின்றது. இச்சூழலில் இவ்விரு புதினங்களின் இன்றியமையாமை வட்டார வண்ணத்தோடு முடிவதன்று. ஒரு தொழில்நுட்ப மாற்றத்தைத் தமிழிலேயே எடைபோடும் வாய்ப்பை அவை காத்துத் தந்துள்ளன.

நிறைவாக

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘புத்தம் வீடு’, ‘ரப்பர்’ ஆகிய இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு முனைகள். ஒன்றை விடுத்து மற்றொன்றைப் படிப்பவர் பனையை மிகையாகப் போற்றவோ ரப்பரை மிகையாகத் தூற்றவோ நேரும். இரண்டாவது, புதுமையொன்றின் பயனை வருவாயால் மட்டுமோ குறியீட்டால் மட்டுமோ அளத்தல் இயலாது. உணவு, தொழில், உயிரினம், நம்பிக்கை ஆகிய இழைகளில் எதனை இறுக்கியது, எதனை அறுத்தது என்று தனித்தனியே காணவேண்டும். அதற்குக் கருப்பொருள் என்னும் பழங்கருவி இன்றும் கூர்மை மழுங்காதது. மூன்றாவது, ரப்பர் இந்நிலத்தவரின் கால்களைத் தரைக்குக் கொண்டுவந்தது. அவர்களின் உணவையும் அறிவையும் தொலைவிற்குக் கொண்டுசென்றது. ஈட்டமும் இழப்பும் ஒரே மரத்தின் கொடைகள்.

பனைத்தொழிற் சொற்களும் பால்வெட்டுச் சொற்களும் எல்லையின் இருபுறமும் இன்னும் வழக்கில் உள்ளன. கரிசல் வட்டாரத்திற்குக் கி. ராஜநாராயணன் செய்ததைப் போன்ற ஒரு சொல்தொகுப்பைப் பாறசாலை முதல் குலசேகரம் வரையிலான நிலத்திற்கும் தமிழ்த் துறைகள் உருவாக்க வேண்டும். பாளை சீவிய முதியோரும் பட்டை சீவும் அடுத்த தலைமுறையினரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும் காலத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும்.